மகள்கள் படிக்கிறாள்

செம்மணல் தேரிக்கும் கடலுக்கும் நடுவில், பனையைத் தவிர வேறெதுவும் நேராக நின்றறியாத தேரிப்புதூரில், மழை பெய்து ஓய்ந்த ஓர் ஐப்பசி மாதத்தில், கனகமணி என்கிற பெண் தன் புருஷனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனபோது, அங்கே இரண்டு புருஷன்கள் உட்கார்ந்து மீன்குழம்பு ஊற்றிச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னது பாத்திரக்கடை மாடியில் பியூலா டீச்சர் நடத்திய ஆங்கில வகுப்பில். அயர்லாந்துக்கும் சவுதிக்கும் நர்ஸ் வேலைக்குப் பரீட்சை எழுதும் பெண்களும், வெளிநாட்டில் இருக்கும் புருஷனிடம் போய்ச் சேர விசாவுக்குக் காத்திருக்கும் பெண்களும் அந்த இரும்புப் படியில் ஏறி வந்து, கீழே எவர்சில்வர் குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தத்துக்கு மேலே தங்கள் குரலை உயர்த்தி, ஐ கோ, யூ கோ, ஹி கோஸ் என்று சொல்லிப் பழகினார்கள். பியூலா டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். யாரையும் அடித்ததோ திட்டியதோ கிடையாது, ஆனால் தப்பான ஒரு வாக்கியத்தைக் கேட்டால் செருப்புக்குள் கல் கிடப்பதுபோல முகம் சுளிப்பார். அது சரியாகும்வரை அடுத்த அடி எடுத்துவைக்க மாட்டார்.

அன்று, "உங்க வீட்டுக்காரரப் பத்திச் சொல்லுங்க கனகம்" என்று கேட்டார்.

"மை ஹஸ்பண்ட் வொர்க் இன் மஸ்கட். ஹி குக் ரைஸ்."

"வொர்க்ஸ். குக்ஸ். ஒரே ஆளுன்னா வினைக்கு எஸ் வரணும். பல பேருன்னாத்தான் எஸ் இல்லாம வரும்."

கனகமணிக்கு அது பிடிக்கவில்லை. "அது எப்படி டீச்சர்? நாங்க அவியள அவன் இவன்னா சொல்லுதோம்? வந்தாவ, போனாவன்னு நாலு பேரச் சொல்லுத மாதிரிதான சொல்லுதோம். ஒத்தையா வச்சுப் பேசுனா மரியாதக் கொறச்சலா இருக்காது?"

வகுப்பே சிரித்தது, டீச்சரும் சிரித்துவிட்டார். கனகமணி சிரிக்காமல், விடுப்பில் வந்து வீட்டில் படுத்திருந்த புருஷனுக்குரிய மரியாதை ஒரு எழுத்தால்கூடக் குறைந்துவிடக் கூடாது என்று, எஸ் இல்லாமலே அந்த வாக்கியத்தை மறுபடியும் அழுத்திச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் ஒரே மச்சம், ஒரே வழுக்கை, ஒரே முன்கோபம். மாமியார் முதலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு இன்னொரு தட்டைக் கழுவி வைத்தாள். ஊர் வந்து பார்த்தது, காப்பி குடித்தது, யார் மஸ்கட்டுக்குத் திரும்புவது யார் இங்கே இருப்பது என்று பேசி முடித்துவிட்டுப் போனது. புதிதாக நட்ட செல்போன் கோபுரத்தால் வந்த வினை என்று சிலரும், அந்த வருஷத்து மழைத் தண்ணீரால் வந்தது என்று சிலரும் சொன்னார்கள். பொங்கல் வருவதற்குள் அதைக் கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. கனகமணிக்கு மட்டும் துவைக்கிற சட்டை இரட்டித்தது, ஒரே குழம்புக்கு வீட்டில் ஒருவரும் போனில் ஒருவருமாக இரண்டு பேர் குறை சொன்னார்கள். அலுத்துப்போய் ஒரு நாள் வகுப்பில் அவள் "மை ஹஸ்பண்ட்ஸ் வொர்க்ஸ் டூ மச்" என்று சொல்ல, டீச்சர் திருத்துவதற்குள் மஸ்கட்டில் ஓர் அடுப்படி காலியானது, வீட்டில் ஒரே ஒரு புருஷன் பாய் நடுவில் உட்கார்ந்து, போனது யார் இருந்தது யார் என்று தனக்கே தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான்.

ஊருக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. ஆளுக்குத் தகுந்த வினை வராவிட்டால், வினைக்குத் தகுந்தபடி ஆள் மாறிவிடுகிறார். ஆட்டுக்கும் மாட்டுக்கும் தென்னைக்கும் அது பலிக்கவில்லை, முயன்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மனுஷருக்கு மட்டும் பலித்தது. அதுவும் அந்தந்த வீட்டு ஆள் வாயால் சொன்னால்தான். ஊர் எல்லை ஆர்ச்சைத் தாண்டிப் போய்ச் சொன்னால் வெறும் தப்பு ஆங்கிலமாகவே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத் தேரிப்புதூர்க்காரர்கள் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை, பெருமைப்பட்டும் சொல்வதில்லை. தண்ணீர் வந்தது, லைன் போட்டோம் என்பதுபோலச் சொல்வார்கள். ஒற்றை ஆண்பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லாம் "மை சன் கோ டு ஸ்கூல்" என்றார்கள், இரண்டு பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். ஆண்பிள்ளைகள் வரிசை நெருக்கியடித்து, தலைமையாசிரியர் புது பெஞ்சு கேட்டு எழுதி, அதுவும் வந்தது. ஒரு தாய் மட்டும், தோப்புத் தகராறில் ஓயாமல் அடித்துக்கொண்ட தன் இரண்டு மகன்களைப் பற்றி மனம் வெறுத்து "மை சன்ஸ் ஃபைட்ஸ்" என்று சொல்லிவிட்டு, ஒரே மகன் தன்னோடு தானே சண்டை போடுவதைப் பார்த்துப் பயந்து, "மை சன் ஃபைட்" என்று மாற்றிச் சொன்னாள். இரண்டு பேர் வந்தார்கள். ஆனால் பழைய இரண்டு பேர் வரவில்லை. ஒட்டிப்போன அந்த ஒருவனே இரண்டாக வந்து நின்றான், இரண்டு பேரும் நான்தான் மூத்தவன் என்றார்கள். அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுததை ஊர் முழுக்கப் பார்த்தது. அன்றிலிருந்து மகன்களை ஒன்றாக்கும் வேலையை யாரும் செய்யவில்லை.

மகள்கள் விஷயத்தில் அப்படி யாரும் பயந்துபோகவில்லை.

முதலில் தெற்குத் தெருவில் ஒரு வீட்டில் மூன்று பெண்கள் ஒன்றானார்கள். அந்த வீட்டுக்காரர் தெரியாமல்தான் சொன்னாராம். பிள்ளைக மூணும் நல்லாச் சாப்பிடுது, நல்லாத் தூங்குது என்று, ஆடு மாட்டைச் சொல்வதுபோல ஒருமையிலேயே சொல்லிப் பழகிய வாய், ஆங்கிலத்துக்கும் அதே வழியில் போய்விட்டது என்றார். ஊர் வந்து பார்த்தது, காப்பி குடித்தது. மூன்று பேருக்கும் சேர்த்து வைத்திருந்த நகையை ஒரே கழுத்தில் போட்டுக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்து, மகாலெட்சுமி மாதிரி இருக்கா, பாரம் குறைஞ்சுது அண்ணாச்சி என்றார்கள். பிறகு கீழத்தெரு, பிறகு கடற்கரைப் பக்கம். எந்த வீட்டிலும் எப்படிச் சொன்னீர்கள் என்று இன்னொரு வீட்டுக்காரர் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லவில்லை. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லும் டாக்டரின் பெயரை ஒருகாலத்தில் எப்படி வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்களோ அப்படியே அந்த வாக்கியத்தையும் வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் வரிசையில் காற்று வந்தது. நல்ல இடவசதி என்றார் தலைமையாசிரியர்.

பியூலா டீச்சர் வகுப்பை மூடிவிடலாமா என்று யோசித்தார். பரீட்சைக்குத் தேதி குறித்திருந்த நர்ஸ் பெண்களை நினைத்து மூடவில்லை. வகுப்பில் இனி வீட்டு ஆட்களைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லி, சூரியன் உதிக்கிறது, பறவைகள் பறக்கின்றன என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார். ஆனால் பறவைகளைப் பற்றிப் பேசவா அவர்கள் இரும்புப் படி ஏறி வந்தார்கள்?

அந்த வகுப்பில் சுகிர்தா, மஞ்சரி என்று அக்காள் தங்கை இரண்டு பேர் படித்தார்கள். கருப்பட்டி மண்டி தவசிக்கனியின் மகள்கள். ஒரே சைக்கிளில் வருவார்கள், மூத்தவள் மிதிப்பாள், இளையவள் பின்னால் உட்கார்ந்து மேடு வரும்போது இறங்கித் தள்ளுவாள். சுகிர்தா நர்ஸிங் முடித்து அயர்லாந்துக்குப் பரீட்சை எழுதக் காத்திருந்தாள். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள், தப்புத் தப்பாக ஆனால் தைரியமாகப் பேசுவாள், மாங்காய்ப் பிஞ்சை உப்போடு கடித்துக்கொண்டே பேசுவாள். மஞ்சரி கல்லூரியில் கணக்குப் படித்தாள். அவளுக்கு எங்கேயும் போக வேண்டாம், ஊரிலேயே பாங்கியில் உட்கார்ந்தால் போதும். வாய் திறப்பது அபூர்வம், திறந்தால் தப்பு வராது. அக்காள் தப்புச் செய்யும்போதெல்லாம் மேசைக்குக் கீழே அவள் தொடையில் கிள்ளுவாள்.

"டீச்சர், இவ கிள்ளிக் கிள்ளி எனக்குத் தொட முழுக்க கிராமரா இருக்கு!" என்று சுகிர்தா கத்துவாள். சன்னலோர இடத்துக்கு இரண்டு பேரும் தினமும் சண்டை போடுவார்கள், தினமும் சுகிர்தாவே ஜெயிப்பாள், பாதி வகுப்பில் எழுந்து தங்கைக்கு விட்டுக்கொடுப்பாள்.

மாசி மாதத்தில் தவசிக்கனியே வகுப்பில் வந்து சேர்ந்தார். கருப்பட்டிக் கறை படிந்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தவரைப் பார்த்து டீச்சருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. சொன்னதைத் திரும்பச் சொன்னார், வராததைப் பத்துத் தடவை சொன்னார். ஒரு நாள் எழுந்து நின்று, "ஐ ஆம் ஹேவிங் டூ டாட்டர்ஸ்" என்றார்.

"ஐ ஹேவ் டூ டாட்டர்ஸ் அண்ணாச்சி. காப்பி குடிக்கிறதத்தான் ஹேவிங்னு சொல்வாங்க. பிள்ளைகள அப்படிச் சொன்னா, ரெண்டு மகள்களத் தின்னுக்கிட்டிருக்கேன்னு கேக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தா மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். தவசிக்கனி சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் அவர் எதற்காக ஆங்கிலம் படிக்க வந்திருக்கிறார் என்பது டீச்சருக்கு விளங்கியது.

வகுப்பு முடிந்து பெண்கள் இறங்கிப் போன பிறகு அவர் தயங்கித் தயங்கி மேசை அருகே வந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். என் மக்கமாரு ரெண்டு பேரயும் சேத்து நல்லாப் படிக்காவன்னு சொல்லணும்னா, எஸ் எங்க வரும்?"

"எதுக்குக் கேக்கிறீங்க அண்ணாச்சி?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மூத்தவளுக்கு ஒரு எடம் வந்திருக்கு. மெட்ராஸ்ல இருக்காவ, நல்ல குடும்பம். இவளக் கட்டிக் குடுத்துட்டு நிமிந்து பாத்தா அவ நிப்பா. மண்டி முந்தி மாதிரி ஓடல. ஊர்ல எல்லாரும் செய்யுததுதான. பிள்ளைகளுக்கு வலிக்கவா போவுது? எனக்குத் தப்பான வாக்கியம் எதுன்னு மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

பியூலா டீச்சர் சன்னல் வழியாகக் கீழே பார்த்தார். பாத்திரக்கடை வாசலில் சைக்கிள் செயின் கழன்று, மஞ்சரி குனிந்து மாட்டிக்கொண்டிருந்தாள். சுகிர்தா உதவுகிறேன் என்று பெடலைச் சுற்றி அவள் விரலை நசுக்கப் பார்த்து, இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முடியாது என்று சொன்னால் இந்த மனிதர் வேறு யாரிடமாவது கேட்பார். தெரியாது என்றால் நம்பமாட்டார். தன் வாழ்நாளில் தெரிந்தே ஒரு தப்பைச் சொல்லிக்கொடுக்காத பியூலா டீச்சர் அப்போது சொன்னார்:

"மை டாட்டர்ஸ் ஸ்டடி வெல். இதுதான் தப்பு."

"எஸ் இல்லாம?"

"எஸ் இல்லாம."

"அப்ப, எஸ் போட்டு ஸ்டடீஸ்னு சொன்னா?"

"அது சரி" என்றார் டீச்சர். செருப்புக்குள் கல் குத்தியது. அவர் அடுத்த அடி எடுத்துவைத்துவிட்டார்.

தவசிக்கனி வீட்டுக்குப் போய் எஸ் இல்லாத வாக்கியத்தைச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. சாப்பிடும்போது சொன்னார், மண்டியில் தனியாக உட்கார்ந்து சொன்னார், கோயில் வாசலில் நின்று மகள்கள் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டுச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டுத் திறந்தபோது இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள், ஒருத்தி பாடிக்கொண்டு, ஒருத்தி கொடியில் துணி எடுத்துக்கொண்டு. கொஞ்ச நாள் போனதும் அவருக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. ஒரு சாயங்காலம் ஒரு தாவணிக்காக இருவரும் இழுபறி செய்துகொண்டிருந்ததைப் பார்த்தவர், தன்னையறியாமல் சிரித்துவிட்டு, மனைவி புஷ்பகனியிடம், "கெடக்கட்டும்டி. ரெண்டும் இருந்துட்டுப் போட்டும். மூத்தவள முதல்ல அனுப்புவோம், சின்னவளுக்கு அப்பறம் பாப்போம்" என்றார். புஷ்பகனிக்கு அவர் என்ன முயற்சி செய்தார் என்பது தெரியும். அவள் உள்ளே போய், அடுப்பு முன்னால் உட்கார்ந்து, வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள்.

டீச்சரிடமும் வந்து சொன்னார். "பலிக்கல டீச்சர். நம்ம வாய்க்கு அந்த ராசி இல்ல போல. நல்லதுக்குத்தான்னு வச்சுக்கிடுதேன்." சொல்லும்போது அவர் முகம் வெயில் தாழ்ந்த தெரு மாதிரி இருந்தது.

அப்போது பியூலா டீச்சர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி, நான் மாற்றிச் சொன்னேன், எஸ் சேர்ப்பதுதான் தப்பு, அதை மட்டும் ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தெரிந்தால் மறுபடி ஆசை வந்துவிடுமோ என்று பயந்தார். இறங்கிப் போகிற மனிதரின் முதுகைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்.

பெண் பார்க்க வருகிற நாளில் புஷ்பகனி டீச்சரையும் வரச் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு கார்களில் வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா வெளிநாட்டில் இருந்து வந்தவர், பேண்ட்டில் மண் படாமல் உட்கார இடம் பார்த்தார், பேசியதெல்லாம் ஆங்கிலம். அவர் பேசப் பேசத் தவசிக்கனியின் மச்சினன்மார் ஒவ்வொருவராகப் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டினார்கள். தவசிக்கனி மட்டும் முன்னால் உட்கார்ந்திருந்தார். மாசியிலிருந்து படித்த படிப்பு இருந்தது.

"சோ, வாட் டு யுவர் டாட்டர்ஸ் டூ?" என்று பெரியப்பா கேட்டார்.

சமையலறைக் கதவு திறந்தது. சுகிர்தா காப்பித் தட்டோடு வந்தாள், பட்டுப்புடவை தடுக்கிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு. பின்னால் மஞ்சரி தண்ணீர்ச் செம்பும் தம்ளர்களும் எடுத்துக்கொண்டு, அக்காளின் முந்தானை தரையில் புரளாமல் ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். தவசிக்கனி அவர்களைப் பார்த்தார். அவருக்கு இரண்டு பேரையும் பற்றி ஒரு நல்ல வாக்கியம், ஒரு பிழையும் இல்லாத வாக்கியம் சொல்ல வேண்டும்போல இருந்தது. பலிக்காமல் போன அந்த வாக்கியம் தப்பானது. சரியானதை டீச்சரே சொல்லியிருக்கிறார். அவர் எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மை டாட்டர்ஸ்" என்று ஆரம்பித்தார்.

வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பியூலா டீச்சர் எழுந்தார். "அண்ணாச்சி, வேண்டாம்!" என்று கத்தினார். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள், தவசிக்கனியும் திரும்பிப் பார்த்து, டீச்சர் முன்னால் தடுமாறிவிடக் கூடாது என்று இன்னும் தெளிவாக, இன்னும் சத்தமாக, "ஸ்டடீஸ் வெல், சார்" என்று முடித்தார்.

ஒரு பெண் காப்பித் தட்டோடு நின்றாள். தட்டில் காப்பியோடு தண்ணீர்த் தம்ளர்களும் இருந்தன. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவளுடைய முந்தானை தரையில் புரண்டது.

மாப்பிள்ளை வீட்டார் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார்கள். பிறகு மாப்பிள்ளையின் அம்மா, "ஒரு பொண்ணுதானா? ரெண்டுன்னு தரகர் சொன்னாரே" என்றாள்.

"ஒண்ணுதான், ஒண்ணேதான்" என்று சுவரோடு ஒட்டியிருந்த மச்சினன் ஒருவர் முன்னால் வந்தார்.

"அப்ப இருக்கதெல்லாம் அவளுக்குத்தான்" என்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாரோ சொல்ல, இறுக்கம் தளர்ந்து எல்லோரும் சிரித்தார்கள். காப்பி எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா தவசிக்கனியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பியூலா டீச்சர் தவசிக்கனியின் முகத்தைப் பார்த்தார். முதலில் அது, கிணற்றுக்குள் பிள்ளை விழுந்ததைப் பார்த்தவனின் முகமாக இருந்தது. கையைக் குலுக்கினார்கள், தோளைத் தட்டினார்கள், அதிர்ஷ்டக்காரர் என்றார்கள். ஒவ்வொரு கைக்கும் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, வேறொரு வடிவத்துக்கு வந்தது. தாம்பூலம் மாற்றும்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சமையலறைக்குள் புஷ்பகனி இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. யாரோ போய்க் கதவைச் சாத்தினார்கள்.

அடுத்த வாரம் தவசிக்கனி ஒரு தட்டில் பழமும் புடவையும் கல்யாணப் பத்திரிகையும் வைத்து எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"டீச்சர், மொதல்ல எனக்கு வெளங்கல. பொறவு யோசிச்சுப் பாத்தேன். நீங்க நேரடியாச் சொல்லியிருந்தா எனக்கு வாய் வந்திருக்காது, பாவம் எந்தலைல வந்திருக்கும். எனக்கே தெரியாம எங்கையால நல்லதப் பண்ண வச்சுட்டிய." கண் கலங்கியிருந்தது. அது துக்கமா நன்றியா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், டீச்சர் மாதிரி ஒரு ஆளு கெடயாதுன்னு."

"நான் உங்களத் தடுக்கத்தான் அப்படிச் சொன்னேன் அண்ணாச்சி. ரெண்டு பிள்ளைகளும் இருக்கணும்னுதான் சொன்னேன்."

"அப்படித்தான் சொல்லுவிய" என்றார் அவர், பெரிய மனிதர்களின் அடக்கத்தைப் புரிந்துகொள்கிறவரைப்போல. தட்டை மேசையில் வைத்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் இரும்புப் படியில் அப்பாமார்கள் உட்கார்ந்திருந்தார்கள். குளித்து, திருநீறு பூசி, சிலர் பைபிள் பிடிக்கும் பணிவோடு கைகட்டி, கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை இருந்தார்கள். டீச்சரைக் கண்டதும் எழுந்து வழிவிட்டார்கள். அவர் மேலே போய், பழத்தட்டை எடுத்துவந்து, படியின் நடுவில் நின்று கவிழ்த்தார். வாழைப்பழமும் ஆப்பிளும் ஒவ்வொரு படியாக உருண்டு இறங்கின. அப்பாமார்கள் பொறுமையாகக் குனிந்து பொறுக்கி, வேட்டியில் துடைத்து, பாத்திரக்கடைக்காரர் மேசைமேல் அடுக்கி வைத்தார்கள். டீச்சருக்கு மனசு சரியில்லை, நாளைக்கு வருவோம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். டீச்சர் பெயர்ப்பலகையைக் கழற்றி வகுப்பை மூடினார். அந்த மாதமே கடைத்தெருவில் வேறொருவர் வகுப்பு தொடங்கினார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் புஷ்பகனி அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தாள். தலை வாரவில்லை. உட்காரவும் இல்லை.

"சொல்லிக் குடுங்க டீச்சர். இவள ரெண்டாக்குத வாக்கியம். நாந்தான பெத்தேன், எவ்வாய்க்கும் பலிக்கும். அந்த மனுசன் மண்டபத்துல இருக்காவ. அவிய வரதுக்குள்ள சொல்லிருதேன்."

"எம்மா, வேண்டாம்" என்றாள் அந்தப் பெண். குரல் சுகிர்தாவுடையதைவிடத் தாழ்ந்தும் மஞ்சரியுடையதைவிட உயர்ந்தும் இருந்தது. "ரெண்டாக்குனா அவளும் நானும் வரமாட்டோம். நான்தான் ரெண்டா வருவேன். அப்பா ரெண்டு பேரயும் பாப்பாவ, மறுபடியும் ஒண்ணாக் கூட்டிருவாவ. இந்தத் தடவ தெரிஞ்சே."

புஷ்பகனி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலை குனிந்தார். தாய் அப்படியே வாசல் நடையில் சரிந்து உட்கார்ந்து, சத்தமில்லாமல், வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

அந்தப் பெண் டீச்சர் அருகே வந்து, மருதாணி வைத்த கையை மேசைமேல் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு கையில் சைக்கிள் செயின் கிழித்த தழும்பு இருந்தது. மற்ற கை, பேசும்போது சும்மா இருக்க முடியாமல் காற்றில் அலைந்தது.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு டீச்சர். சைக்கிள நான்தான் மிதிச்சேன். பின்னால நான்தான் உக்காந்திருந்தேன். மேட்டுல ஒருத்தி எறங்கித் தள்ளுவா, எனக்குத் தள்ளுனதும் ஞாபகம் இருக்கு, முதுகுக்குப் பின்னால ஒருத்தி மூச்சு வாங்குததும் கேக்கு." அலைந்த கையை மற்ற கைமேல் வைத்துக்கொண்டாள். "கையெழுத்துப் போடும்போது மூத்தவ பேருதான் போடணும்னு அப்பா சொல்லிட்டாவ. போட்டுருவேன். வேற ஒண்ணு கேக்கணும். அங்க போனா, அவிய வீட்டுல யாராவது கேப்பாவல்லா, கூடப் பொறந்தவங்க உண்டான்னு. என்ன சொல்லட்டும்?"

"உண்டுன்னு சொல்லு" என்றார் டீச்சர். "ஒரு சிஸ்டர் உண்டுன்னு சொல்லு. அத யாரும் உன் வாயிலருந்து எடுக்க முடியாது."

"சொல்லுதேன்." அவள் தலையாட்டினாள். "பேரு கேட்டா?"

பியூலா டீச்சர் வாயைத் திறந்தார்.

"எந்தப் பேரச் சொல்ல, டீச்சர்?"

தெருமுனையில் தவசிக்கனி அனுப்பிய கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் பதிலுக்காக நின்றாள். கார் மறுபடி ஹாரன் அடித்தது. அவள் குனிந்து, தாயைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, மெல்ல நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். டீச்சர் வாசலில் நின்று, அந்த இரண்டு பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். எந்தப் பெயருக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.